இங்க்ஸ்கேப்: வழிகாட்டி வரைபடம் வரையும் மாணவருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ஒரு கல்லூரி வளாகத்துக்கோ மருத்துவமனைக்கோ பேருந்து நிலையத்துக்கோ வழிகாட்டி வரைபடம் செய்து வரச் சொல்வது வடிவமைப்பு வகுப்புகளில் அடிக்கடி வரும் வேலை. அடோபி இல்லஸ்ட்ரேட்டருக்குச் சந்தா கட்ட முடியாதவர்கள், அதே வேலைக்கான இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளை இறக்கிக்கொள்கிறார்கள். விலை கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், கோப்பு எஸ்விஜி-யாகவே (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத, கோடுகளாலான படக்கோப்பு) சேமிக்கப்படும். ஐகானும் லோகோவும் வரைய இது போதும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆளுயரப் பலகையில் ஒட்டுகிற, தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு வரைபடத்துக்குப் போதுமா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

சுருக்கமான தீர்ப்பு: வரைவதற்குத் தாராளமாகப் போதும். சில வேலைகளில் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களைவிட வசதியாகவே இருக்கிறது. தரவு உள்ளே வரும் இடத்திலும் அச்சுக்கு வெளியே போகும் இடத்திலும் தடுமாறுகிறது. முன்னால் கியூஜிஐஎஸ் (நிலவரைபடத் தரவைக் கையாளும் மென்பொருள்), பின்னால் ஸ்கிரைபஸ் (அச்சுப்பக்கம் அமைக்கும் மென்பொருள்) என்று இரண்டு இலவசத் துணைகளைச் சேர்த்துக்கொண்டால் வேலை முடியும்.

இந்த மதிப்பீடு 1.4 பதிப்பை வைத்து எழுதப்பட்டது. 1.2-க்குக் கீழே உள்ள பதிப்பு இருந்தால் முதலில் மாற்றிவிடுங்கள். ஒரே கோப்பில் பல பக்கங்கள் வைக்கும் வசதி 2022-இல் வந்த 1.2-இல்தான் சேர்ந்தது. அது இல்லாமல் கீழே சொல்லும் பாதி வேலை நடக்காது.

எடுத்துக்கொண்ட அளவு இது: ஏ1 தாள் (594 × 841 மி.மீ.), நிமிர்ந்த வாக்கில். அதில் 534 மி.மீ. சதுரத்தில் வரைபடம், மிச்சத்தில் தலைப்பும் இடங்களின் பட்டியலும். அளவுவிகிதம் 1:1500. சாதாரண நடையில் நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று வைத்தால் ஐந்து நிமிடத்துக்கு 400 மீட்டர். 1:1500-இல் அது 267 மி.மீ. அதாவது நடுவில் நிற்பவரைச் சுற்றி ஐந்து நிமிட நடை வட்டம் அந்தச் சதுரத்துக்குள் கச்சிதமாக அடங்கும். லண்டன் தெருப்பலகைகள் பழக்கிவிட்ட கணக்கு இது; பெரிய வளாகத்துக்கும் பொருந்துகிறது.

தரவை உள்ளே கொண்டுவருதல்

பலரும் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தளத்திலேயே எஸ்விஜி-யாக ஏற்றுமதி செய்யும் பொத்தான் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். அந்தத் தளத்தின் நிறம், கோட்டுத்தடிமன், எழுத்து எல்லாமும் சேர்ந்தே வரும். பிரித்தெடுப்பதற்குள் புதிதாகவே வரைந்துவிடலாம்.

கியூஜிஐஎஸ்-இல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை இறக்கித்தரும் குவிக்ஓஎஸ்எம் செருகுநிரலைப் போட்டு சாலை, கட்டடம், நீர்நிலை மூன்றையும் தனித்தனி அடுக்குகளாக இறக்குங்கள். இறக்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை ஆயத்தொலை முறையை மீட்டர் அளவுக்கு மாற்றுவது. சென்னை, திருச்சி, மதுரை, சேலம் எல்லாம் யூடிஎம் என்ற மீட்டர் முறையில் 44 வடக்கு மண்டலம் (கியூஜிஐஎஸ்-இல் தேட வேண்டிய இபிஎஸ்ஜி எண் 32644). கோயம்புத்தூர் 78 பாகைக்கு மேற்கே இருப்பதால் 43 வடக்கு (32643). இதைச் செய்யாமல் அட்சரேகை தீர்க்கரேகைப் பாகைகளிலேயே விட்டால் படம் கிழக்கு-மேற்காக இழுபடும். சென்னையின் அட்சரேகையில் அது சுமார் 2 விழுக்காடு. கண்ணுக்குத் தெரியாது. அளவுகோல் போட்டு நடைநேரம் கணக்கிடும்போது இடிக்கும்.

எவ்வளவு பரப்பு எடுப்பது? பலகை எந்தத் திசை நோக்கி நின்றாலும் படத்தைச் சுழற்ற வேண்டியிருக்கும். ஆகவே 534 மி.மீ. சதுரத்தின் மூலைவிட்டம், அதாவது 755 மி.மீ. அகலத்துக்குத் தரவு வேண்டும். தரையில் அது 1133 மீட்டர். 1.2 கி.மீ. சதுரம் எடுத்தால் சரியாக இருக்கும். அதற்கு மேல் போகாதீர்கள். நகரம் முழுவதையும் கொட்டினால் இங்க்ஸ்கேப் ஒவ்வொரு சொடுக்குக்கும் யோசிக்கத் தொடங்கிவிடும். கணு (கோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளி) அதிகமான கோப்புகளில் மெதுவாவது இதன் நிஜமான குறை. புதிய பதிப்புகளிலும் முழுக்கத் தீரவில்லை.

கியூஜிஐஎஸ் அச்சு அமைப்பிலிருந்து எஸ்விஜி-யாக எடுக்கும்போது அடுக்குகளைக் குழுக்களாக வைக்கும் தேர்வை இயக்குங்கள். பெயர்களை அங்கே போடவே வேண்டாம். இங்க்ஸ்கேப்பில் திறந்ததும் ஒன்று கண்ணில் படும்: ஒரே சாலை பத்துத் துண்டாக இருக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாலம், ஒருவழி, வேக வரம்பு மாறும் ஒவ்வொரு இடத்திலும் சாலை வெட்டப்பட்டிருக்கும். கியூஜிஐஎஸ்-இலேயே பெயர் வாரியாக டிசால்வ் (ஒரே பெயருள்ள துண்டுகளை ஒன்றாக்குதல்) செய்துவிட்டால் பாதித் தொல்லை போகும். மிச்சத்தை இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல் + கே கொடுத்து ஒன்றாக்கி, முனைக் கணுக்களைத் தேர்ந்து ஷிஃப்ட் + ஜே கொடுத்து இணைக்கலாம்.

கணுக்களைக் குறைக்க சிம்ப்ளிஃபை (கண்ட்ரோல் + எல்) இருக்கிறதே என்று கை போகும். கட்டடங்களுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. மூலைகளை உருட்டிவிடும். தொடர்ந்து வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு முறையும் வீரியம் கூடிக்கொண்டே போகும். நாலாவது அழுத்தில் நூலகம் உருளைக்கிழங்காகிவிடும். கட்டடத்தைக் கியூஜிஐஎஸ்-இன் சிம்ப்ளிஃபை கருவியில் மீட்டர் அளவு கொடுத்து எளிமையாக்குங்கள். அது கோடுகளை நேராகவே விடும்.

எந்த மென்பொருளும் தராத ஒன்றும் உண்டு. திறக்காத வாயிற்கதவு, சுற்றுச்சுவர், படிக்கட்டு, மழைக்காலத்தில் தேங்கும் சுரங்கப்பாதை இவையெல்லாம் தரவில் பெரும்பாலும் இருக்காது. நம் ஊரில் வழி கேட்டால் தெருப்பெயர் யாரும் சொல்வதில்லை. பிள்ளையார் கோயில், தண்ணீர்த் தொட்டி, ஜெராக்ஸ் கடை என்றுதான் சொல்வார்கள். இடத்துக்குப் போய் நடந்து பார்த்து, அந்த அடையாளங்களை ஒரு தனி அடுக்கில் சேர்க்க வேண்டும். நடைநேர வட்டத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். நடுவில் ரயில்பாதையோ சுவரோ இருந்தால் வட்டம் பொய் சொல்லும். கியூஜிஐஎஸ் கருவிப்பெட்டியில் சர்வீஸ் ஏரியா என்ற கருவி சாலை வழியே 400 மீட்டர் எதுவரை எட்டும் என்று காட்டும். அதைப் பார்த்து எல்லையைத் திருத்துங்கள்.

தரவை எடுத்ததற்கான ஒப்புகை வரி பலகையின் கீழ் மூலையில் கட்டாயம் இருக்க வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் என்று போடாமல் விடுவது உரிம மீறல். மாணவர் வேலை என்பதால் விலக்கு எதுவும் இல்லை.

சாலைகள், குளோன்கள்

1:1500-இல் 7 மீட்டர் சாலை 4.7 மி.மீ. வரும். நடப்பவருக்கான படத்தில் அசல் அகலத்தைப் பின்பற்றத் தேவையில்லை. முதன்மைச் சாலை 7, உள்சாலை 4.5, நடைபாதை 2 மி.மீ. என்று மூன்றே தடிமன் வைத்தால் போதும். நான்காவது தடிமன் சேர்த்தால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. முனையும் மூட்டும் உருண்டையாக இருக்கட்டும். துண்டுச்சாலைகள் சேரும் இடத்தில் பிளவு தெரியாமல் இருக்கும்.

சாலைக்கு இரு பக்கமும் மெல்லிய விளிம்புக்கோடு வேண்டுமென்றால் கீழடுக்கில் தடித்த சாம்பல் கோடும் மேலடுக்கில் அதைவிட 0.8 மி.மீ. குறைந்த வெள்ளைக் கோடும் வைக்க வேண்டும். சந்திப்புகள் தானாகவே திறந்துகொள்ளும். இல்லஸ்ட்ரேட்டரில் ஒரே பாதைக்கு இரண்டு ஸ்ட்ரோக் (கோடு) கொடுத்து முடித்துவிடலாம். இங்க்ஸ்கேப்பில் அந்த வசதி இல்லை. நகல் எடுத்து (கண்ட்ரோல் + டி) கீழடுக்கில் போட்டால், பிறகு சாலையைத் திருத்தும்போது இரண்டு இடத்திலும் திருத்த வேண்டும்.

குளோன், அதாவது மூலத்தோடு தொடர்பு அறாத நகல் (ஆல்ட் + டி), எடுத்தால் மூலத்தை மாற்றினாலே போதும். அங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. மூலத்தில் நிறமும் தடிமனும் எழுதப்பட்டிருந்தால் குளோனில் வேறு கொடுக்க முடியாது. நிறத்தை ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பலகத்தில் உள்ள கேள்விக்குறிப் பொத்தானால் நீக்கலாம். தடிமனை நீக்க எக்ஸ்எம்எல் பலகத்தைத் திறந்து (கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எக்ஸ்) அந்த ஒரு வரியை அழிக்க வேண்டும். இப்படி வெறுமையாக்கிய மூலத்தைப் படத்துக்கு வெளியே ஓர் ஓரத்தில் வைத்து, இரண்டு குளோன்களை உள்ளே வைத்தால் வேலை சுத்தம். முதல் தடவை எரிச்சலூட்டும். சாலைத்திருத்தம் மூன்று சுற்று போகும்போது இதன் அருமை தெரியும்.

இன்னொரு பொறி தேர்வுக் கருவியின் மேல்பட்டையில் இருக்கிறது. பொருளை அளவு மாற்றும்போது கோட்டுத்தடிமனும் சேர்ந்து மாறட்டுமா என்று கேட்கும் சிறு பொத்தான் அது. அது இயங்கியிருக்கும்போது படத்தை 80 விழுக்காடாகச் சுருக்கினால் 7 மி.மீ. சாலை 5.6 ஆகிவிடும். அளவுவிகிதம் முடிவாகும்வரை இயக்கத்தில் வையுங்கள், முடிவானதும் நிறுத்துங்கள்.

புவியமைப்பை விட்டுவிட்டு மெட்ரோ பாணியில் வரைபவர்களுக்கு ஒரு வார்த்தை. பெசியர் என்ற பேனாக் கருவியில் கண்ட்ரோலைப் பிடித்தபடி வரைந்தால் 15 பாகைக்கு ஒருமுறை கோடு ஒட்டும். ஆகவே 45, 90 தானாகக் கிடைக்கும். வளைவுகளுக்கு பாத் எஃபெக்ட்ஸில் உள்ள கார்னர்ஸ் நல்ல கருவி. இரண்டு தடம் இணையாக வளையும்போது மட்டும் இரண்டுக்கும் ஒரே ஆரம் கொடுத்துவிடாதீர்கள். தடம் 4 மி.மீ., இடைவெளி 1 மி.மீ. என்றால் உள்வளைவு 8, வெளிவளைவு 13. அப்போதுதான் இடைவெளி சீராக இருக்கும். பயிற்சிக்குச் சென்னை மெட்ரோவின் முதல் கட்டம் அருமையான பாடம்: நீலமும் பச்சையும் சென்ட்ரலில் ஒருமுறை, ஆலந்தூரில் ஒருமுறை சந்திக்கின்றன. ஆகவே நடுவில் ஒரு மூடிய வளையம் உருவாகும். 45 பாகைக் கோடுகளால் அந்த வளையத்தை மூடி, எல்லா நிலையப் பெயர்களையும் கிடைமட்டமாக வைத்துக் காட்டுங்கள் பார்க்கலாம்.

பலகை நிற்கும் திசை

நட்டு வைக்கும் பலகையில் வடக்கு எப்போதும் மேலே இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. பார்ப்பவர் எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறாரோ அந்தத் திசை மேலே இருந்தால், படத்தில் வலப்பக்கம் இருப்பது அவருக்கும் வலப்பக்கம் இருக்கும். மனசுக்குள் படத்தைத் திருப்பிப் பார்க்கும் வேலை மிச்சம். தூணின் நான்கு பக்கமும் பலகை என்றால் நான்கு வெவ்வேறு சுழற்சி.

இங்க்ஸ்கேப் மிகவும் பளிச்சிடும் இடம் இதுதான். சாலையும் கட்டடமும் நீரும் உள்ள அடித்தளத்தை ஒரு குழுவாக்கி வெளியே வையுங்கள். நான்கு பக்கங்கள் போட்டு ஒவ்வொன்றிலும் அதன் ஒரு குளோன். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எம் திறந்து சுழற்சிக் கோணத்தை எண்ணாகவே கொடுங்கள். குளோனை ஒரு குழுவுக்குள் போட்டு, அந்தக் குழுவை 534 மி.மீ. சதுரத்தால் கிளிப் செய்தால் (சதுரத்துக்கு வெளியே உள்ளதை மறைத்தால்) ஓரம் அடுத்த பக்கத்தில் வழியாது. உள்ளே போய்க் கோணத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மூலத்தில் ஒரு கட்டடத்தை நகர்த்தினால் நான்கு முகத்திலும் நகரும். கடைசியில் நான்கு பக்கமும் ஒரே பிடிஎஃப்.

பெயர்கள், குறியீடுகள், முப்பரிமாணமாக வரைந்த கோபுரம் அல்லது மணிக்கூண்டு இவையெல்லாம் சுழலக் கூடாது. அவற்றைப் பக்கத்துக்குப் பக்கம் தனி அடுக்கில் வைத்து இடம் பார்த்து அமர்த்த வேண்டும். வேலை அதிகமாகும் இடம் இது. குறுக்கு வழி இல்லை. முப்பரிமாண அடையாளங்களுக்கு சாய்கோடுகளாலான ஆக்சோனோமெட்ரிக் கட்டம் உள்ளேயே இருக்கிறது. அதை 30 பாகையில் வைத்து வரைந்தால் எல்லாக் கட்டடமும் ஒரே சாய்வில் நிற்கும்.

மாணவர்கள் அடிக்கடி ஏமாறும் ஒன்று: கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்து மவுஸ் சக்கரத்தை உருட்டினால் திரையில் படம் சுழலும். அது பார்வையை மட்டும் திருப்புகிறது. ஏற்றுமதி செய்தால் பழைய வடக்கு மேலேயேதான் இருக்கும்.

‘நீங்கள் இங்கே’ குறிக்கு ஒரு புள்ளி போதாது. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று காட்டும் சிறு விசிறி வடிவமும் சேர வேண்டும். அதற்குக் கொடுக்கும் நிறத்தைப் படத்தில் வேறெதற்கும் கொடுக்காதீர்கள். பலகையைப் பொருத்தும்போது இந்தக் குறி தரையிலிருந்து 1200 முதல் 1400 மி.மீ. உயரத்தில் வந்தால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் நிற்பவருக்கும் எட்டும். தாளில் அதன் இடத்தை அதற்கேற்ப முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

தமிழ் எழுத்து

யூனிகோட் தமிழை இங்க்ஸ்கேப் சரியாகக் காட்டும். கொம்பும் துணைக்காலும் இடம் மாறுவதில்லை. எந்த அமைப்பையும் மாற்ற வேண்டியதில்லை. இல்லஸ்ட்ரேட்டரின் பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தேடி இயக்கினால்தான் ‘கொ’ ஒழுங்காக வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே தமிழ்ப் பலகைக்கு இங்க்ஸ்கேப்பைப் பரிந்துரைக்கலாம்.

நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், அனேக் தமிழ் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. நெருக்கமான இடங்களுக்கு அனேக் தமிழின் ஒடுங்கிய வடிவம் நல்ல தேர்வு. தமிழ்ப் பெயர்கள் நீளம்; எழுத்தும் அகலம். ‘மகப்பேறு மருத்துவப் பிரிவு’ எழுத இடம் பார்க்கும்போது ஒடுங்கிய வடிவத்தின் அருமை தெரியும். அகலத்தை இழுத்து மாற்றும் வேரியபிள் கோப்புக்குப் பதில், ஒவ்வொரு தடிமனும் தனித்தனியாக உள்ள கோப்புகளை நிறுவினால் வேறு கணினியில் திறக்கும்போது குழப்பம் குறைவு.

கவனிக்க வேண்டிய குறை ஒன்று. தேர்ந்த எழுத்துருவில் தமிழே இல்லாவிட்டாலும் இங்க்ஸ்கேப் எச்சரிக்காது. கணினியில் இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துருவைச் சத்தமில்லாமல் போட்டுக் காட்டும். பெயர்ப்பட்டையில் பழைய பெயரே இருக்கும். நண்பரின் கணினியில் திறந்தால் எழுத்து மாறியிருக்கும்.

அளவுக்கு ஒரு கணக்கு. கண் பரிசோதனையில் இயல்பான பார்வைக்குரிய எழுத்து கண்ணில் 5 கோணத்துளி (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கோணத்துளி) அளவு இருக்கும். ஒரு மீட்டர் தூரத்தில் அது 1.45 மி.மீ., 60 செ.மீ. தூரத்தில் 0.87 மி.மீ. அது கண் எட்டும் கடைசி எல்லை. நின்ற இடத்தில் சிரமமில்லாமல் படிக்க அதைப்போல் நான்கு மடங்கு வேண்டும் என்று வைத்தால் மிகச் சிறிய எழுத்து 3.5 மி.மீ. ‘ணை’, ‘ஞ’, ‘ஜ’ போல உள்ளே கோடு நெருங்கிய எழுத்துகள் இருப்பதால் தமிழுக்கு 4 மி.மீ. வைப்பது நல்லது. இந்த 4 மி.மீ. எழுத்தின் உடல் உயரம். எழுத்துருப் பெட்டியில் கொடுக்கும் எண் அதுவல்ல. ‘ப’ என்று அடித்து, அதன் நகலைப் பாதையாக மாற்றி, மேல்பட்டையில் உயரத்தைப் படியுங்கள். அதே போல ஆங்கிலத்தின் சிறிய எழுத்து ‘எக்ஸ்’ உயரத்தையும் அளந்து இரண்டையும் ஒப்பிட்ட பிறகே ஆங்கில அளவை முடிவு செய்யுங்கள். ஒரே எண்ணைக் கொடுத்தால் இரண்டும் ஒரே அளவாகத் தெரியாது.

இரண்டு வரிப் பெயர்களில் வரி இடைவெளியை 1.25-லிருந்து 1.4 வரை ஏற்றுங்கள். மேல்வரியின் ‘கு’, ‘து’ கால்களும் கீழ்வரியின் ‘கி’, ‘தீ’ சுழிகளும் முட்டாமல் இருக்கும்.

சாலைமேல் வரும் பெயருக்கு வெள்ளை விளிம்பு தேவை. 1.2 மி.மீ. வெள்ளை ஸ்ட்ரோக் கொடுத்து, ஸ்ட்ரோக் ஸ்டைலில் உள்ள வரிசைப் பொத்தானால் ஸ்ட்ரோக்கை நிரப்புக்குப் பின்னால் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் வெள்ளை எழுத்தின் உட்பகுதியைத் தின்றுவிடும். மூட்டை உருண்டையாக வையுங்கள். கூர்மூட்டாக விட்டால் எழுத்தின் முனைகளில் முள் முளைக்கும். எஸ்விஜி-யாக வேறு மென்பொருளுக்குக் கொடுத்தால் அது இந்த வரிசையை மதிக்கும் என்று நம்ப முடியாது. பிடிஎஃப்-ஆகக் கொடுப்பதே பத்திரம்.

நிறுவனம் தரும் பெயர்ப்பட்டியல் பெரும்பாலும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துமுறைகளான பாமினியிலோ வானவிலிலோ இருக்கும். என்எச்எம் கன்வர்ட்டரில் யூனிகோடாக மாற்றி, ஒவ்வொரு பெயரையும் கண்ணால் சரிபார்த்த பிறகே உள்ளே ஒட்டுங்கள்.

குறியீடு, நிறம், பட்டியல்

கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஒய் அடித்தால் குறியீட்டுப் பலகம் வரும். அதில் ஏஐஜிஏ என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் அமைப்பின் தொகுப்பு இருக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக 1974-இல் 34, 1979-இல் 16 என்று மொத்தம் 50 குறிகள், யாரும் பயன்படுத்தலாம். கழிப்பறை, படிக்கட்டு, முதலுதவிக்கு இன்றும் இதைவிடத் தெளிவான தொகுப்பு அபூர்வம். ஏடிஎம் இருக்காது; காலணி வைக்குமிடம் இருக்காது. அவற்றை அதே கோட்டுத்தடிமனில் நாமே வரைய வேண்டும்.

நிறங்களை ஸ்வாட்ச் வகையாகக் கொடுத்தால் ஓரிடத்தில் மாற்ற எல்லாக் கட்டடமும் மாறும். ஃபில்டர்ஸ் பட்டியில் நிறக்குருடு உள்ளவர் எப்படிப் பார்ப்பார் என்று காட்டும் வடிப்பான் உண்டு. சிவப்பு-பச்சை மயங்குகிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு நீக்கிவிடுங்கள்.

இடங்களின் பட்டியலை இங்க்ஸ்கேப் வரிசைப்படுத்தாது. லிப்ரே ஆபிஸ் கால்க் போன்ற ஒன்றில் செய்து ஒட்ட வேண்டும். அங்கே மொழியைத் தமிழ் என்று குறிக்காமல் வரிசைப்படுத்தினால், யூனிகோட் எண்வரிசையில் போய்விடும் வாய்ப்பு உண்டு. எண்வரிசையில் புள்ளி எழுத்து உயிர்மெய்களுக்குப் பின்னால் வரும். ஜ, ச-வுக்கு அடுத்து நிற்கும். விளைவு: ‘படிப்பகம்’ முன்னாலும் ‘பட்டறை’ பின்னாலும் போகும்; ‘ஜெனரேட்டர் அறை’ கடைசிக்குப் போகாமல் ‘தங்கும் விடுதி’க்கு மேலே ஏறிக்கொள்ளும். அகரவரிசை தெரிந்தவர் தேடும் இடத்தில் பெயர் இருக்காது.

எழுத்துக்குப் பெயரிட்ட பாணி வைத்துக்கொள்ளும் வசதியும் இங்க்ஸ்கேப்பில் இல்லை. ‘துறைப்பெயர்’ என்று ஒரு பாணி வைத்து ஒரே இடத்தில் மாற்றுவது இல்லஸ்ட்ரேட்டரில் உண்டு. இங்கே சிஎஸ்எஸ் (இணையப்பக்கங்களின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) வகுப்புகளைக் கையால் எழுதத் தெரிந்தவர்கள் சமாளிக்கலாம். ஒரு வளாகம், நான்கு பலகை என்றால் இந்தக் குறை உறைக்காது. அறுபது பலகை கொண்ட மருத்துவமனை என்றால் இதை எடுக்காதீர்கள்.

அச்சுக்கு அனுப்புதல்

இங்க்ஸ்கேப்பின் பெரிய பலவீனம் நிறமுறை. 1.4 தரும் பிடிஎஃப் ஆர்ஜிபி-யில்தான் (திரைக்கான சிவப்பு-பச்சை-நீல முறை) இருக்கும். ஈக்கோ சால்வென்ட் இயந்திரத்தில் வினைல் அடிப்பதற்கு இது பெரிய தடையில்லை. கடையில் உள்ள ரிப் (கோப்பை இயந்திரத்துக்கேற்ப மாற்றும் மென்பொருள்) மாற்றிக்கொள்ளும். கைப்பிரதியாக ஆஃப்செட்டில் அடிக்கும்போதுதான் சிக்கல். ஆர்ஜிபி கறுப்பு நான்கு மையாகப் பிரியும். 2 மி.மீ. தமிழ் எழுத்தில் நான்கு தகடும் இம்மி பிசகினால் எழுத்தைச் சுற்றி நிறக்கரை தெரியும்.

அதற்கு ஸ்கிரைபஸ் வழி. எழுத்தைப் பாதையாக மாற்றும் தேர்வோடு பிடிஎஃப் எடுத்து, ஸ்கிரைபஸில் வெக்டர் கோப்பாக இறக்குங்கள். நிறப்பட்டியலில் ஒவ்வொரு நிறமும் ஆறிலக்கக் குறியீட்டோடு நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாகச் சிஎம்ஒய்கே-வுக்கு (அச்சின் நான்கு மை முறை) மாற்றி, கறுப்புக்கு 0, 0, 0, 100 கொடுங்கள். படத்தில் எட்டுப் பத்து நிறத்துக்கு மேல் இல்லாவிட்டால் அரைமணி வேலை. நிழல், மங்கல் வடிப்பான் ஏதாவது போட்டிருந்தால் அது பிக்சலாகிவிடும். வழிகாட்டி வரைபடத்தில் நிழலுக்கு என்ன வேலை?

நம் ஊர் ஃப்ளெக்ஸ் கடைகளில் கோரல் டிராவின் பழைய பதிப்புகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் யூனிகோட் தமிழ் உடையும். எழுத்தாகவே விட்ட கோப்பைக் கொடுக்கவே கூடாது. ஒரு நகல் எடுத்து, அதில் குளோன்களைப் பிரித்து, எல்லாவற்றையும் பாதையாக்கி, அதைக் கொடுங்கள். மூலக்கோப்பில் இதைச் செய்துவிட்டால் அடுத்த திருத்தத்துக்கு முதலிலிருந்து வரவேண்டியதுதான். படமாகக் கேட்டால் ஏற்றுமதிப் பலகத்தில் 96 என்று இருக்கும் டிபிஐ-யை (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) 150 ஆக்குங்கள். ஏ1-க்கு 3508 × 4967 பிக்சல் வர வேண்டும். 2245 × 3179 என்று காட்டினால் 96-லேயே விட்டுவிட்டீர்கள் என்று பொருள். கடைக்காரர் திறந்ததும் அகலம் 594 மி.மீ. என்று காட்டுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். 445 அல்லது 446 என்று காட்டினால் 96-க்கும் 72-க்கும் உள்ள பிக்சல் கணக்குக் குழப்பம்; 133.33 விழுக்காடாகப் பெரிதாக்கச் சொல்லுங்கள்.

முழுப்பலகைக்கு முன் வீட்டு அச்சுப்பொறியிலேயே ஒரு சோதனை செய்யலாம். அடோபி ரீடரில் போஸ்டர் முறையில் அச்சிட்டால் ஏ1 தானாக ஏ4 தாள்களாகப் பிரியும். ஒட்டிச் சுவரில் மாட்டி 60 செ.மீ. தள்ளி நின்று படிக்கவும். பிறகு கடையில் 100 மி.மீ. அகலத் துண்டு ஒன்று அடித்து வாங்குங்கள்: மிகச் சிறிய எழுத்து, எல்லா நிறங்கள், வெள்ளை விளிம்புள்ள ஒரு பெயர். துணி நெசவு தெரியும் ஃப்ளெக்ஸில் 4 மி.மீ. எழுத்து எடுபடாது, வினைல் அடித்து ஏசிபி (அலுமினியக் கலப்பு) தகட்டிலோ சன்போர்டிலோ (கெட்டியான பிளாஸ்டிக் நுரைப்பலகை) ஒட்டச் சொல்லுங்கள். ஓரத்தை மடித்து ஒட்டுவதானால் பின்னணி நிறத்தை நான்கு பக்கமும் 10 மி.மீ. கூடுதலாக நீட்டியிருக்க வேண்டும். மேலே போடும் லேமினேஷன் மேட்டாக இருக்கட்டும். பளபளப்பானதைப் போட்டால் மத்தியான வெயிலிலும் டியூப்லைட்டுக்குக் கீழேயும் கண்ணாடி மாதிரி மின்னி, படத்தில் பாதி தெரியாது.